ரயில் வரும் முன் தோண்டும்போது செய்யக் கூடாத தப்புகள்

ரயில்பாதை போடும் முன் அந்த நிலத்தில் அகழாய்வு செய்யும்போது, வரலாற்றுக்கு முந்தைய ஊர் என்றதும் இடிந்த சுவர், செங்கல் என்று எதையாவது எதிர்பார்த்து வயலில் இறங்குவதுதான் முதல் தப்பு, மற்றதெல்லாம் இது போட்ட குட்டிகள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், லண்டனிலிருந்து கால்வாய்ச் சுரங்கம் (ஆங்கிலக் கால்வாய்க் கடலுக்கு அடியில் பிரான்ஸுக்குப் போவது) வரை போகும் அதிவேக ரயில்பாதைக்காக (2007-ல் முழுதாகத் திறந்தார்கள்) 1990-களின் கடைசியில் தோண்டியபோது, வொயிட் ஹார்ஸ் ஸ்டோன் என்ற இடத்தில் புதிய கற்கால நீள்வீடு ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 6,000 வருடப் பழசு, நீளம் சுமார் 18 மீட்டர். கிடைத்தது என்றால் சுவரோ கூரையோ இல்லை. மரக்கம்பம் நட்ட குழிகள், அவ்வளவுதான். அதாவது, சுற்றியுள்ள மண்ணைவிடச் சற்றே நிறம் மாறிய வட்டங்கள்.

இந்த வட்டத்தைத் தொலைப்பது ரொம்பச் சுலபம். பொக்லைனில் பல் வைத்த பக்கெட்டை மாட்டி மேல்மண்ணை வாரினால் தரை உழுத வயல் மாதிரி கோடு கோடாகிவிடும், அதில் கையகலக் கம்பக்குழியை எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. பல் இல்லாத பக்கெட்டைப் போட்டு மெல்லிசாகச் சீவச் சொல்லுங்கள், ஒவ்வொரு சீவலுக்கும் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், வண்டி பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். சீவிய தரைமேல் டயர் ஏறவே கூடாது. வெயிலில் காய்ந்து நிறம் மங்கிவிட்டால் 'இங்கே ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்பாதீர்கள், லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், வட்டம் மறுபடி எழுந்து வரும்.

அடுத்தது, சோதனைக் குழிகளை நம்பி நிலத்துக்கே சான்றிதழ் கொடுப்பது. பாதை நெடுக அங்கங்கே வெட்டும் அந்தக் குழிகள் மொத்தப் பரப்பில் சின்னப் பங்குதான். இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு வீடே உட்கார்ந்திருக்கலாம். மண்ணின் காந்தத்தன்மை மாறும் இடத்தை மேலிருந்தே அளக்கும் காந்தமானிக் கருவி எரிந்த அடுப்பையும் பெரிய அகழியையும் காட்டும், சின்னக் கம்பக்குழியைப் பல நேரம் காட்டாது.

ஆழத்தையும் மறந்துவிடுகிறார்கள். அதே ரயில்பாதை வேலையில், எப்ஸ்ஃப்ளீட் அருகே சவுத்ஃப்ளீட் ரோடு பக்கம் 2003-04-ல் ஒரு நேர்த்தந்த யானையின் (அழிந்துபோன ஒரு யானை இனம்) எலும்பும் அதைச் சுற்றிச் சிக்கிமுக்கிக் கல் கருவிகளும் வெளிவந்தன. வயது சுமார் 4,20,000 ஆண்டுகள். மேல்மண்ணை மட்டும் சீவிப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் ஆழத்தில் கிடந்த இது கிடைத்தே இருக்காது! தண்டவாளம் போடும் பட்டையை மட்டும் பார்ப்பதும் போதாது. அணுகுசாலை, மண் எடுக்கும் குழி, வேலையாட்கள் தங்கும் இடம் எல்லாமே நிலத்தைக் கிளறும்.

நம் பக்கத்துக் கதை தெரிந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லாகூர்–முல்தான் ரயில்பாதைக்கு ஜல்லியாக ஹரப்பாவின் செங்கல்லை அள்ளினார்கள், ஏறக்குறைய 100 மைல் பாதைக்கு அது போதுமானதாக இருந்தது என்று தொல்லியலாளர் கன்னிங்ஹாம் எழுதி வைத்தார். செங்கல்லாக இருந்ததால் எதை இழந்தோம் என்றாவது தெரிகிறது. மர ஊராக இருந்திருந்தால் போன சுவடே இருந்திருக்காது.

சரி, கம்பக்குழி கிடைத்துவிட்டது. அதற்குள்ளிருக்கும் மண்ணைத் தூக்கி எறிந்துவிட்டுப் பானை ஓட்டை மட்டும் பொறுக்குவது இன்னொரு பெரிய தப்பு. அந்த மண்ணைப் பையில் கட்டி, பிறகு தண்ணீரில் கரைத்து மிதக்கவிட்டால் கருகிய தானியம் மேலே வரும். கார்பன் காலக்கணிப்புக்கு அந்தத் தானியத்தைத்தான் அனுப்ப வேண்டும். ஓக் மரக்கரியை அனுப்பினால், மரத்தின் உள்வயிரம் வெட்டியபோதே சில நூறு வயதாகியிருக்கலாம், வீடும் அந்த அளவுக்குப் பழசாகிப்போகும்.

அப்புறம் அந்தப் பைகள். வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு, இரண்டிலும் குழி எண். மழையில் வெளிச் சீட்டு கரைந்த பிறகுதான் உள்ளே ஏன் ஒன்று வைக்கச் சொன்னார்கள் என்று பலருக்குப் புரிகிறது.