கருவில் ஐ.ஜி.எஃப்.பி.பி. மரபணுக்களைத் தேடுவது எப்படி

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து உயிரியல் முதுகலை படிக்கப் போகும் தம்பி, தங்கைகளுக்காக எழுதுகிறேன். வகுப்பில் மலையாளமும் இங்கிலீஷும்தான், ப்ராஜெக்ட் நேரத்தில் தமிழில் விளக்க ஆளில்லாமல் நான் தவித்தது இன்னும் மறக்கவில்லை.

ஐ.ஜி.எஃப்.-1, ஐ.ஜி.எஃப்.-2 என்ற, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகள்தான் கருவை வளர்க்கின்றன. ஐ.ஜி.எஃப்.-2 இல்லாத சுண்டெலிக் குட்டி வழக்கமான எடையில் சுமார் 60 சதவீதத்தோடுதான் பிறக்கும். இவற்றைப் பிடித்துவைத்து, சில இடத்தில் தடுத்து, சில இடத்தில் கொண்டுசேர்க்கும் புரதங்கள்தான் ஐ.ஜி.எஃப்.பி.பி., மொத்தம் ஆறு, அவற்றுக்கு மரபணுவும் ஆறு. எது எந்தத் திசுவில் வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்க இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன் போதும், அதாவது மரபணுவின் ஆர்.என்.ஏ. இருக்கும் இடத்தைத் திசுவிலேயே நிறம் வரவைத்துக் காட்டும் முறை.

முதலில் ப்ரோப், அதாவது தேடும் ஆர்.என்.ஏ.-வோடு போய் ஒட்டும் அடையாளமிட்ட துண்டு. ஆறும் கூடப்பிறந்தவை, புரதத்தின் முன்பகுதியும் பின்பகுதியும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைந்து ஒன்றுபோல இருக்கும், அங்கிருந்து ப்ரோப் எடுத்தால் ஒட்டியது இரண்டாவதா ஐந்தாவதா என்றே தெரியாது. வேறுபட்டிருக்கும் நடுப்பகுதியிலிருந்தோ, ஆர்.என்.ஏ.-வின் புரதமாக மாறாத வால் பகுதியிலிருந்தோ எடுங்கள். எதிலும் ஒட்டக்கூடாத சென்ஸ் ப்ரோப்பையும் ஒப்பீட்டுக்காகக் கூடவே ஓட்டுங்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கட்டும். பெண் சுண்டெலியில் காலையில் ப்ளக் (இணைசேர்ந்ததைக் காட்டும் அடைப்பு) தெரிந்த அன்றைய மதியம் 0.5 நாள். 10.5 நாள் கருவை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில், 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, அப்புறம் படிப்படியாக மெத்தனாலுக்கு மாற்றி மைனஸ் 20-இல் போடுங்கள்.

அடுத்து புரோட்டினேஸ் கே, ப்ரோப் உள்ளே நுழையத் திசுவின் புரதத்தைக் கொஞ்சம் கரைக்கும் நொதி. இதில் அவசரமே வேண்டாம். முதல் தடவை நான் நேரம் கூட்டிவிட்டேன், கருவில் கையாக வளரப்போகும் மொட்டின் நுனியில் ஒன்றுமே இல்லை, 'வெளிப்பாடு இல்லை' என்று நோட்டில் எழுதியும் விட்டேன். உண்மையில் மேல்தோலே உரிந்து போயிருந்தது, ஐ.ஜி.எஃப்.பி.பி.-2 இருப்பது அந்த மேல்தோல் முகட்டில்தான்! நேரத்தைக் குறைத்து மறுபடி செய்தபோது மொட்டின் ஓரத்தில் நூல்போல ஊதாக் கோடு வந்தது, அரைமணி நேரம் மைக்ரோஸ்கோப்பை விட்டு நகரவே மனம் வரவில்லை.

ப்ரோப்பை ஒட்டவைக்கும் ஹைப்ரிடைசேஷன் 65 முதல் 70 டிகிரியில் ஓர் இரவு. ஏப்ரலில் நம் பக்கம் கரண்ட் போகும், ஓவனை யு.பி.எஸ். லைனில் மாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நிறம் வந்த இடம் ஆர்.என்.ஏ. இருக்கும் இடம் மட்டும்தான், புரதம் சுரந்து வெளியே போய்விடும். மேல்தோலில் உருவாகும் இந்தப் புரதம், உள்ளே மீசென்கைம் என்ற தளர்ந்த கருத்திசுவில் உருவாகும் ஐ.ஜி.எஃப்.-ஐப் பிடிக்கலாம், அதனால் இரண்டையும் அடுத்தடுத்த சீவல்களில் பாருங்கள். கல்லீரலில் ஐ.ஜி.எஃப்.பி.பி.-1 பளிச்சென்று தெரியும், அதைக் கொஞ்சம் முதிர்ந்த கருவில் பாசிட்டிவ் கன்ட்ரோலாக, அதாவது நிறம் கட்டாயம் வரவேண்டிய ஒப்பீடாக, வைக்கலாம்.

ஒரே வயிற்றுக் கருக்கள்கூட வளர்ச்சியில் முன்பின் இருக்கும். முதுகோரம் வரிசையாக இருக்கும் சோமைட் என்ற திசுக்கட்டிகளின் எண்ணிக்கையைச் சீட்டில் பென்சிலால் எழுதி டியூபுக்குள்ளேயே போடுங்கள், மார்க்கர் மை மெத்தனாலில் கரைந்துவிடும்.