தொண்டு செய்ய வந்தவரைக் கதிரையில் இருத்தாதீர்கள்

ஓட்டிசம், டவுண் சின்ட்ரோம் போன்ற விருத்திக் குறைபாடுள்ள வளர்ந்தவர்களைக் கொழும்பில் தொண்டுக்கு அழைத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கோயில் அன்னதானத்துக்கோ வெசாக் தன்சலுக்கோ (இலவச உணவுப் பந்தல்) கூட்டிவந்து, கையில் ஒரு பொதியைக் கொடுத்து, படமெடுத்து அனுப்பிவிடுவார்கள். வந்தவருக்கு வேலையே இல்லை.

என்ன வேலை என்பதை அம்மாவிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்கிறார்கள். இரண்டு வேலைகளின் படங்களை வைத்து அவரிடமே கேளுங்கள். பேசாதவர் ஒன்றைத் தொடுவார், அல்லது ஒன்றைத் தள்ளிவிடுவார், இரண்டும் பதில்தான். இன்னொரு நாள் படங்களை இடம் மாற்றி வைத்துத் திரும்பவும் கேட்க வேண்டும். சிலர் எப்போதும் வலப்பக்கத்தில் இருப்பதையே எடுப்பார்கள்.

அதிகம் கெடுப்பது, வேலையைப் பிரிக்காமல் கொடுப்பது. ‘உலர் உணவுப் பொதி கட்டுங்கோ’ என்பதற்குள் பல வேலைகள் உண்டு: பையை விரிப்பது, அரிசி 1 கிலோ, பருப்பு 500 கிராம், சீனி 500 கிராம், தேயிலை, பிஸ்கட் என்று எடுப்பது, ஏதும் விடுபட்டதா என்று பார்ப்பது, முடிச்சுப் போடுவது. இத்தனையையும் நினைவில் வைக்கச் சொல்வதால்தான் பிழை வருகிறது. அவரது கவனக்குறைவால் அல்ல. பொருட்களை மேசையில் இடமிருந்து வலமாக வையுங்கள்: பாரமான அரிசி முதலில், நொறுங்கும் பிஸ்கட் கடைசியில். ஒரு தட்டில் ஒவ்வொரு பொருளின் வெளிக்கோட்டையும் வரைந்துவிடுங்கள். எடுத்ததை அதனதன் கோட்டுக்குள் வைக்கும்போது வெறுங்கோடு தெரிந்தால் என்ன குறைகிறதென்று அவரே கண்டுபிடிப்பார், எண்ணத் தேவையில்லை. முடிச்சு வரவில்லையா? முழுவதையும் நீங்கள் போட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவருக்கு விடுங்கள். அது பழகியதும் அதற்கு முந்தைய படியையும் கொடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவர் அவராகவே இருப்பார்.

ஒன்றைச் சொன்னால் மனதுக்குள் பத்து வரை எண்ணிப் பொறுங்கள். பதில் வரவில்லையே என்று உடனே வேறு சொற்களில் சொன்னால், அவர் மறுபடி முதலிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். முப்பது வயதுக்காரரிடம் குழந்தைக் குரலில் கொஞ்சிப் பேசுவதையும் விட்டுவிடலாம்.

சத்தம் தாங்காதவரைக் கோயிலில் மேளமும் மணியும் சேர்ந்து ஒலிக்கும் பூசை நேரத்தில் வரச்சொல்லாதீர்கள். பூக்கட்டுவதற்குக் காலை அமைதியான நேரம் நல்லது. தொடக்கத்தில் 45 நிமிடம் போதும். கிழமை, நேரம், பொறுப்பாளர் மூன்றும் மாறக்கூடாது. பௌர்ணமி விடுமுறையான போயா எந்தக் கிழமையிலும் வரும். நிலையம் பூட்டிக் கிடக்கும் நாட்களை நாட்காட்டியில் முன்பே குறித்துக் கொடுக்காவிட்டால், பூட்டிய வாசலில் நின்று தவித்துப்போவார்.

பஸ்ஸில் தனியே வரப் பழக்கும்போது போகும் வழியை மட்டும் பழக்குவது இன்னொரு பிழை. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கத்தில் காலி வீதியும் டுப்ளிகேஷன் வீதியும் ஒருவழிப் பாதைகள். இறங்கிய வீதியில் நின்றால் திரும்பும் பஸ் வராது. இரண்டு தரிப்பிடங்களையும் படமெடுத்துக் கொடுங்கள். சட்டைப்பையில் வீட்டுத் தொலைபேசி எண் இருக்கட்டும்.

வலிப்பு வருபவரா என்பதை முதல் நாளே கேட்டறியுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து நேரம் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

கடைசியாக, பலர் கண்டுகொள்ளாத ஒன்று. பக்கத்தில் நிற்பவருக்குச் சம்பளம் கொடுக்கும் அதே வேலையை இவரிடம் மாதக்கணக்கில் சும்மா வாங்குவது தொண்டு ஆகாது, அது சுரண்டல். மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமாக உழைத்துச் சம்பாதிக்கும் உரிமை உண்டு என்கிறது இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை. இலாபம் பார்க்கும் இடமென்றால் முதலிலேயே சம்பளம் பேசுங்கள். தொண்டு நிலையமென்றால், எத்தனை பொதி கட்டினார், எந்தப் படிக்கு உதவி வேண்டியிருந்தது என்று ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதிவாருங்கள். நாளை அவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட உதவும்.