சின்னப் பட்டறை நடத்துகிறீர்களா? வரிக்கணக்கையும் பாக்கி வசூலையும் இப்படிப் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தாலும் சரி, வீட்டோடு நாலு தறி ஓட்டினாலும் சரி, முதலில் டர்ன்ஓவரை, அதாவது வருடத்தின் மொத்த விற்றுவரவை, சரியாகக் கணக்குப் போடுங்கள். உள்ளூர் வியாபாரி கொடுக்கும் வெள்ளியில் கூலிக்குக் கொலுசு செய்து கொடுப்பவருக்கு அந்தக் கூலி மட்டும்தான் டர்ன்ஓவர், வெள்ளியின் விலை அதில் சேராது. இது தெரியாமலே பயந்துகொண்டிருப்பவர்கள் நிறைய. கூலி வேலை ஜிஎஸ்டியில் சேவையாக வரும், வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. சொந்தச் சரக்கை மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம். ஆனால் சொந்தச் சரக்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் பொதுவாக இந்த வரம்பு செல்லாது, பதிவு எடுத்தே ஆக வேண்டும்.

சொந்தச் சரக்கை விற்பவரின் டர்ன்ஓவர் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் காம்போசிஷன் என்ற எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் அதில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். வாடிக்கையாளரிடம் அந்த வரியை வாங்க முடியாது, மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியும் திரும்ப வராது, வெளி மாநில விற்பனையும் கூடாது. எனவே வடக்கே சரக்கு அனுப்புபவர்களுக்கு இது ஒத்துவராது.

வரி என்றால் கேள்வி கேட்காமல் கட்டு என்று பழகிவிட்டோம், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி 1930-ல் உப்பு வரியை எதிர்த்து வேதாரண்யம் போய்ச் சிறைக்குப் போனவர். அவரே ஆட்சிக்கு வந்து 1937-ல் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தார், அதில் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். ஆக எந்த வரி, எதற்காக, எவ்வளவு என்று கேட்பது நம் உரிமை, கேளுங்கள்.

சரி, பாக்கிக்கு வருவோம். சின்னப் பட்டறையைச் சாய்ப்பது பெரும்பாலும் வரி அல்ல, வராத பணம்தான். ஆதாரும் பான் அட்டையும் வைத்து, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை முதலில் எடுத்துவிடுங்கள், அரசுத் தளத்தில் இதற்குக் கட்டணமே கிடையாது, காசு கேட்கும் தளம் என்றால் வெளியே வந்துவிடுங்கள். சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு வாதாட வேண்டிவரும். தினமும் தரும் சரக்குக்குச் சிட்டையோ பில்லோ எழுதி, வாங்கியவர் கையெழுத்தையும் தேதியையும் வாங்குங்கள், உத்யம் எண்ணையும் அதில் போடுங்கள்.

2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி. போதாததற்கு, 2023-24 முதல் வாங்கியவர் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், கொடுக்கும் வருடம் வரை அந்தத் தொகையைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் நெருங்கும்போது இதைச் சொல்லி ஒரு கடிதம் போடுங்கள், பல பேருக்கு அப்போதே ஆடிட்டரிடமிருந்து போன் வந்துவிடும். இந்தப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான், வாங்கி விற்கும் கடைக்காரருக்கு இல்லை.

அப்படியும் நகரவில்லையா? மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்டு, சிறு தொழில்களின் பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்கு ஆன்லைனில் மனுப் போடுங்கள். அங்கே முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பை எதிர்த்து வியாபாரி கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.