எதில் இருபது சதவீதம்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மகளுக்குக் கொலுசு வாங்கப் போனேன். கடை வாசலில் '20 சதவீதம் தள்ளுபடி' என்ற பலகை. வெள்ளிக்கு 8,000 ரூபாய், செய்கூலி 1,000. மொத்தம் 9,000, ஐந்தில் ஒரு பங்கு போனால் 7,200 என்று மனக்கணக்குப் போட்டு, பணத்தையும் எண்ணி வைத்துவிட்டேன். பில் 9,064 என்று வந்தது! தள்ளுபடி செய்கூலிக்கு மட்டுமாம். குறைந்தது 200 ரூபாய்; ஏறியது 3 சதவீத ஜிஎஸ்டி, 264 ரூபாய். பலகையின் அடியில் பொடி எழுத்தில் எழுதித்தான் இருந்தது. பெருக்கத் தெரிந்தவர்களும் சதவீதத்தில் சறுக்குவது இங்கேதான்: எதை நூறாக வைத்தார்கள் என்று கேட்பதில்லை.

அதே பில்லில் இன்னொரு பொறி. வரிக்கு முந்தைய விலையை அறிய 9,064-இல் 3 சதவீதம் கழித்தால் 8,792 வருகிறது. வரி போட்டதோ 8,800 மீது. கழிக்கக் கூடாது, 1.03 ஆல் வகுக்க வேண்டும்.

மல்கோவா கிலோ 80 ரூபாயிலிருந்து 120 ஆனால் 50 சதவீத ஏற்றம். மறுபடி 80-க்கு வந்தால் இறக்கம் 33 சதவீதம்தான். அதையும் 50 என்பவருக்குப் பழம் 60 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். கடை எதுவென்று எனக்கும் சொல்லட்டும்.

ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளிக்கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட், அதாவது கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் எண், பார்த்து விலை போடுவார்கள். 24 பாயிண்ட் 27 ஆனால் கூடியது 3 சதவீதம் அன்று, 12.5 சதவீதம். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் பணமும் எட்டில் ஒரு பங்கு கூடி வர வேண்டும்.

என்னை நெடுநாள் ஏமாற்றியது ஏற்காட்டுக் காப்பிக் கணக்கு. பழத்தோல் நீக்கிக் கழுவிய காப்பிக்கொட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். களத்தில் காயவைத்து ஈரத்தைச் சுமார் 10 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். 100 கிலோவில் ஈரம் 50-லிருந்து 10 சதவீதமானால் 60 கிலோ மிஞ்சும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மிஞ்சுவது 55.6 கிலோ. நீர் வற்ற வற்ற மொத்த எடையும் குறைகிறது. நாம் நூறாக வைத்ததே நழுவிக்கொண்டிருக்கிறது. மாறாதது நீர் நீங்கிய சத்து, 50 கிலோ. கடைசியில் அதுவே 90 சதவீதம். ஆகவே 50-ஐ 0.9 ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோவுக்குச் சாக்கு எடுத்து வைத்தவர், குறைகிற நாலரை கிலோவுக்காகக் களத்துக் காவலாளியைச் சந்தேகிப்பார்.