வயிற்று வலிக்கு விளக்கெண்ணெய் வேண்டாம்: பெருங்குடல் பை அழற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அடிவயிறு வலித்தால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வாயு, அடுத்து உடல் சூடு. வெந்தயத்தை விழுங்கி, தொப்புளைச் சுற்றித் தைலம் தடவி, அப்படியும் அடங்காவிட்டால் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவிவிடுவது பல வீடுகளில் இன்றும் வழக்கம். ஆனால் ஒரே இடத்தில் நிலைத்து, நேரம் செல்லச் செல்லக் கூடி, காய்ச்சலோடு சேர்ந்து வரும் வலி டைவர்டிகுலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் பை அழற்சியாக இருக்கக்கூடும். அந்நிலையில் பேதிக்குக் கொடுப்பதுதான் முதல் தவறு.

வயது ஏற ஏற, இரத்த நாளங்கள் ஊடுருவும் பலவீனமான இடங்களில் பெருங்குடலின் சுவர், பழைய சைக்கிள் டியூப் உப்புவதைப் போல, சிறு சிறு பைகளாக வெளித்தள்ளுகிறது. இப்பைகள் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் எந்தத் தொந்தரவும் வருவதில்லை. அவற்றுள் ஒன்று வீங்கிப் புண்ணாகும்போதுதான் வலியும் காய்ச்சலும் தொடங்குகின்றன. புண்பட்டிருக்கும் அந்தக் குடலைப் பேதி மருந்தால் முறுக்கிப் பிழிந்தால், சுவரில் ஓட்டை விழும் அபாயத்தை நாமே தேடிக்கொள்கிறோம்.

வலி எந்தப் பக்கம் என்பதை வைத்துத் தாமாகவே முடிவு செய்வதும் ஆபத்து. மேற்கத்திய நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் இடது அடிவயிற்றில் வருகிறது. ஆசிய மக்களிடையே வலப்பக்கத்தில் வருவது அதிகம் என்பதால் குடல்வால் அழற்சியைப் போலவே தோன்றும். தொட்டுப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவருக்கே கடினம் என்பதால்தான் இரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் தேவைப்படுகின்றன. ஸ்கேனுக்காக ஈப்போவுக்கு அனுப்பினால் அலைக்கழிக்கிறார்கள் என்று எண்ணாமல் போய்விடுவது நல்லது.

தோட்டத்து மக்களுக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வலி மாத்திரைகளைப் பற்றி. செம்பனைக் குலை அறுத்துத் தூக்கியவர்களுக்கு இடுப்பு வலியும் முட்டி வலியும் தீராத துணை. அதற்காகப் போன்ஸ்டான், டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்குவோர் ஏராளம். இவ்வகை மாத்திரைகள் பெருங்குடல் பைகளில் அழற்சி, இரத்தக்கசிவு, ஓட்டை ஆகிய மூன்றுக்குமான அபாயத்தை உயர்த்துகின்றன. மூட்டு வலிக்கென்று விற்கப்படும் பதிவு செய்யப்படாத ஜாமு, மாஜூன் எனும் பாரம்பரிய மூலிகை மருந்துகளிலும் லேகியங்களிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு, காய்ச்சலையும் வலியையும் அமுக்கிவிடுவதால், உள்ளே குடல் கிழிந்திருந்தாலும் வெளியே தெரிவதில்லை. வலிக்குப் பாராசிட்டமோல் போதுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். உட்கொள்ளும் எல்லாவற்றையும், ஜாமு உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள். இதய நோய்க்காக மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

உணவில் நேரும் குழப்பம், இரண்டு வெவ்வேறு காலங்களை ஒன்றாக எண்ணுவதால் வருவது. வலி கடுமையாக இருக்கும் நாட்களில் கீரையும் பழமும் நல்லது என்று ஊட்டக்கூடாது. மருத்துவர் சொல்லும்வரை கஞ்சித் தண்ணீர், வடிகட்டிய சூப் என்று குடலுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு குழைந்த வெள்ளைச் சோற்றுக்கு வர வேண்டும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாடு குறையும் அந்நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். குணமான பின்னரோ நார்ச்சத்தே மறுபடியும் வராமல் காக்க உதவுகிறது: பருப்பு, கேழ்வரகு, கங்கோங் கீரை, பப்பாளி என்று சில வாரங்களில் சிறுகச் சிறுகக் கூட்டி, அதற்கேற்பத் தண்ணீரும் குடிக்க வேண்டும். கொய்யா விதையும் கடலையும் பையில் போய் அடைத்துக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கடலை வகைகளை அதிகம் உண்டவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வரவில்லை.

மருந்தைப் பற்றி இரண்டே செய்திகள். லேசான அழற்சிக்கு ஆண்டிபயாட்டிக் எல்லோருக்கும் தேவையில்லை என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருப்பதால், மருத்துவர் கொடுக்காவிட்டால் சண்டையிட வேண்டாம். மெட்ரோனிடசோல் எனும் ஆண்டிபயாட்டிக் கொடுத்திருந்தால், அது முடிந்து 3 நாட்கள் வரையிலும் கள், சம்சு, பியர் எதையும் தொடக்கூடாது.

மலத்தோடு இரத்தம் போனால் மூலம் என்று தாமாகவே தீர்மானிப்பது நம்மிடையே மிகப் பரவலான தவறு. இப்பைகளிலிருந்து வலியே இல்லாமல் இரத்தம் பெருகக்கூடும். அதைப் போலவே வயிறு பலகையாக இறுகுவது, விடாத வாந்தி, காற்றுகூடப் பிரியாமை, சிறுநீரோடு காற்றோ மலமோ வருவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 999ஐ அழைக்க வேண்டும். அல்லது பக்கத்து வீட்டுக் காரிலேனும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

வலி தீர்ந்ததும் பலர் தவறவிடுவது கொலோனோஸ்கோபி எனும் குடல் உள்நோக்குப் பரிசோதனை. ஸ்கேனில் அழற்சியைப் போலத் தெரிந்தது சில வேளைகளில் புற்றுநோயாக இருக்கலாம் என்பதால், அண்மையில் செய்துகொள்ளாதவர்களுக்குக் குணமாகி 6 முதல் 8 வாரங்களுக்குப் பின் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். கூச்சத்தாலும் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலையாலும் அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள். போக முடியாவிட்டால் மருத்துவமனைக்கு முன்கூட்டியே அழைத்து, வேறு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.