புளியங்கொட்டையை வைத்து 1812 போரைச் சொல்லிக்கொடுப்பது எப்படி

அமெரிக்காவில் பேரப்பிள்ளைகள் இருக்கிற தாத்தா பாட்டிகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்கு லீவு விடுவது ஜூன், ஜூலையில். நம் மும்பையில் மழை ஊற்றுவதும் அப்போதுதான். வந்து இறங்கின மூன்றாம் நாளே பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சயான் கோலிவாடாவில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் கடைக்குக்கூட அனுப்ப முடியாது.

என் பேரன் பால்டிமோர் பக்கம் எட்டாவது படிக்கிறான். போன வருஷம் வரும்போது லீவில் செய்யச்சொல்லி பள்ளியில் கொடுத்த புராஜெக்டைப் பையில் கொண்டுவந்தான். 1812 போர். 1783இல் பிரிட்டனிடமிருந்து கழன்றுகொண்ட அமெரிக்கா, முப்பது வருஷம்கூட ஆகாமல் பழைய எஜமான் மேலேயே பாய்ந்த கதை. “இது எங்க ஊர் விஷயம் தாத்தா, உங்களுக்குத் தெரியாது” என்றான். நான் நேவல் டாக்யார்டில் தச்சுப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன். ஏலே, அந்தப் போரோட கடைசிக் குண்டு விழுந்ததே பம்பாய்க் கப்பல் மேலதான், உட்காரு என்றேன். அப்படி ஆரம்பித்தது.

முதலில் வரைபடம். பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற அமெரிக்கப் படம் உதவாது. அது அட்லாண்டிக்கில் பாதியோடு வெட்டுப்பட்டிருக்கும். முழு உலகப் படம் வேண்டும். ஜெராக்ஸ் கடையில் நாலு துண்டாக அச்சடித்து ஒட்டிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் விரிக்காதீர்கள், மதியம் எடுக்கச் சொல்வார்கள். தரையில் விரியுங்கள். அப்புறம் ஒரு டப்பா புளியங்கொட்டை, பதினாறு சோழி, ஒரு கைப்பிடி காய்ந்த மிளகாய், ஒரு கட்டு தபால் உறை, செம்புத் தகடு ஒரு துண்டு. தகடு பாத்திரக் கடையில் கேட்டால் கிடைக்கும். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கொட்டைதான் பிரிட்டிஷ் கடற்படை. ஐந்நூறுக்கு மேல் போர்க்கப்பல்கள். எண்ண வேண்டாம், டப்பாவோடு கவிழ்த்துவிடுங்கள். அமெரிக்காவுக்குப் பதினாறு சோழி, அவ்வளவுதான். பையன் பார்த்துவிட்டு, “அப்புறம் எப்படி தாத்தா சண்டை போட்டாங்க?” என்று கேட்பான். கேட்கவேண்டும். உடனே பதில் சொல்லாமல் கையால் கொட்டையை வழித்து ஐரோப்பாக் கரையெங்கும் பரப்புங்கள். அங்கே நெப்போலியன் நிற்கிறான். அமெரிக்கா பக்கம் மிஞ்சுவது ஒரு பிடிதான். அமெரிக்க ஜனாதிபதி மெடிசன் துணிந்ததற்குப் பாதிக் காரணம் இந்தப் பிடி.

மீதிக் காரணம் மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனது. இதை வாயால் சொன்னால் ஏறாது. நான் என் மகனுடைய பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொன்னேன். “உங்க அப்பா பிறந்தது எங்க?” சயான் ஆஸ்பத்திரி. “இப்ப எந்த நாட்டுக்காரர்?” அமெரிக்கா. “கடல்ல போற அமெரிக்கக் கப்பலை ஒருத்தன் மறிச்சு, ‘நீ பிறந்தது எங்க ஊரு, சாகிற வரைக்கும் எங்க ஆளு, வந்து துடுப்புப் போடு’ன்னு அப்பாவை இறக்கிட்டுப் போனா?” பையன் முகம் மாறிவிட்டது. அதைத்தான் பிரிட்டன் செய்தது. 1807 ஜூனில் செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலையே லெப்பர்ட் என்ற கப்பல் சுட்டு நிறுத்தி நாலு பேரை இழுத்துக்கொண்டு போனது. அதோடு, பிரான்சோடு யாரும் வியாபாரம் செய்யக்கூடாது என்று பிரிட்டன் போட்ட உத்தரவுகள். இதுபோதும், காரணங்களை நீட்டினால் பிள்ளை ஜன்னலுக்குப் போய்விடும்.

இனி உறைகள். என் முறையில் முக்கியமானது இதுதான்.

ஒவ்வொரு சேதியையும் ஒரு சீட்டில் எழுதி உறையில் போடுங்கள். உறைமேல் இரண்டு தேதி: எழுதின தேதி, போய்ச்சேர்ந்த தேதி. சேரும் நாள் வரும்வரை யாரும் பிரிக்கக்கூடாது. 1812 ஜூன் 18, அமெரிக்கா போர் அறிவித்தது. கீழ்ச்சபையில் 79க்கு 49, மேல்சபையில் 19க்கு 13. பாதி நாட்டுக்கு மனசே இல்லை. ஐந்தே நாள் கழித்து, ஜூன் 23, லண்டன் அந்த வியாபார உத்தரவுகளை ரத்து செய்துவிட்டது. இந்த உறை அட்லாண்டிக்கில் மிதக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து போர் அறிவிப்பு உறையும் மிதக்கிறது. அது லண்டன் சேர்ந்தது ஜூலைக் கடைசியில். இரண்டு உறையையும் பையன் கையிலேயே கொடுத்துக் கடலில் நகர்த்தச் சொல்லுங்கள். நடுவில் ஒன்றை ஒன்று தாண்டும்போது அவனே நிறுத்துவான்.

எனக்கு இது புரிந்ததற்கு ஒரு பழைய கதை உண்டு. 1981இல் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைக்கு லீவு எழுதிக்கொடுத்து, இரண்டு கிலோ மாஹிம் அல்வாவோடு ரயில் ஏறினேன். நான் ஏறின மறுநாள் இன்லண்ட் லெட்டர் வந்திருக்கிறது: “பெரியப்பா வகையில் ஒரு சாவு, கொடை தள்ளிப்போச்சு, வராதே.” திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்து, பந்தக்கால்கூட நடாத கோயில் முன்னால் அல்வா டப்பாவோடு நின்றேன். இதைச் சொன்னதும் பேரன் சிரித்த சிரிப்பில் ஆச்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நிலச் சண்டைகளை வேகமாகத் தள்ளுங்கள். கனடாவைப் பிடிக்கப் போனார்கள். 1812 ஆகஸ்டில் டெட்ராய்ட்டையே பறிகொடுத்தார்கள். 1813இல் கனடாவின் யார்க் ஊரை, இன்றைய டொரான்டோவை, எரித்தார்கள். 1814 ஆகஸ்ட் 24 பிரிட்டிஷ்காரர்கள் வாஷிங்டனுக்கு வந்து ஜனாதிபதி மாளிகையை எரித்துவிட்டுப் போனார்கள். இதில் ஒருவரை மட்டும் விட்டுவிடாதீர்கள்: டெகும்சே. ஷானி இனத் தலைவர், பல பூர்வகுடிகளை ஒன்றாகக் கட்டி பிரிட்டன் பக்கம் நின்றவர். டெட்ராய்ட் விழுந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1813 அக்டோபர் 5 தேம்ஸ் ஆற்றங்கரையில் செத்தார். கனடாவில் ஓடும் தேம்ஸ் இது, லண்டன் தேம்ஸ் என்று பையன் நினைப்பான், திருத்துங்கள். சமாதான ஒப்பந்தத்தின் 9வது பிரிவில் பூர்வகுடிகளுக்கு 1811இல் இருந்ததைத் திருப்பிக் கொடுப்போம் என்று எழுதினார்கள். கொடுக்கவில்லை. நாங்கள் அவருக்கு ஒரு தனிக் காயாக மஞ்சள் கிழங்கு வைத்தோம். அதை எடுக்கும்போது பேரன் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

மிளகாய் எதற்கு? ராக்கெட்டுக்கு. 1814 செப்டம்பர் 13, 14இல் பால்டிமோரின் மெக்கென்றி கோட்டைமேல் இருபத்தைந்து மணி நேரம் குண்டு விழுந்தது. அந்தக் குண்டுவீச்சைப் பார்த்து எழுதின அமெரிக்க தேசிய கீதத்தில் ராக்கெட் வெளிச்சம் என்று ஒன்று வருகிறதே, அந்த ராக்கெட் நம் பக்கத்துச் சரக்கு. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர், திப்பு படைகள் இரும்புக் குழாய் வைத்த ராக்கெட்டுகளை விட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை உலுக்கின. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அதைப் பார்த்து காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் செய்ததுதான் பால்டிமோரில் பறந்தது. மிளகாயைக் கோட்டைமேல் எறியச் சொல்லுங்கள். கண்ணில் கைவைக்கவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், நான் சொல்ல மறந்தேன்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கீதத்தை பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதியது பம்பாயில் கட்டின மிண்டன் கப்பலில் இருந்துகொண்டு என்று டாக்யார்டு வட்டாரத்தில் பெருமையாகச் சொல்வோம். 1810இல் வாடியா குடும்பத்து ஜம்ஷெட்ஜி பொமன்ஜி கட்டின கப்பல். நானும் பேரனிடம் அடித்துவிட்டேன். அவன் அங்கே போய் வகுப்பில் சொல்ல, டீச்சர் திருத்தினாராம். வீடியோ காலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, “தாத்தா, மிண்டன் அங்க வரவே இல்லை” என்றான். தேடிப் பார்த்தேன். கீ இருந்தது சமாதானக் கொடி கட்டின ஓர் அமெரிக்கப் படகில். மிண்டன் அப்போது கிழக்குக் கடல்களில் இருந்தது. ஆகவே நீங்கள் சொல்லாதீர்கள். பம்பாய்ப் பெருமைக்கு உண்மையே போதுமான அளவு இருக்கிறது.

அந்த உண்மை இது. செம்புத் தகட்டை இப்போது எடுங்கள். மலபார்த் தேக்கைப் புழு அவ்வளவாக அரிக்காது. ஆனால் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டால் கப்பல் மாட்டுவண்டி மாதிரி நகரும். அதற்காகத்தான் அடிப்பலகை முழுக்கச் செம்பு அடிப்பார்கள். தகட்டின் மேல் விரலை ஓட்டச் சொல்லி, பிறகு சொரசொரப்பான தேங்காய் ஓட்டின்மேல் ஓட்டச் சொல்லுங்கள். வேகம் என்றால் என்ன என்று கைக்குத் தெரிந்துவிடும்.

1812 கடைசியில் ஜாவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே பம்பாய்ப் படைத்தலைவராக வேலை ஏற்க வந்த தாமஸ் ஹிஸ்லாப். கூடவே இங்கே கட்டிக்கொண்டிருந்த 74 பீரங்கிக் கப்பலுக்கும் இரண்டு சின்னக் கப்பல்களுக்கும் செம்பு. டிசம்பர் 29, பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷன் அதை மடக்கி அடித்தது. தாங்கமாட்டாத அளவுக்குச் சிதைந்துபோனதால் ஜாவாவைக் கொளுத்திவிட்டார்கள். செம்பு கடலுக்குள். உங்கள் தகட்டைப் பிரேசில் பக்கத்தில் வையுங்கள். ஹிஸ்லாப் பிழைத்தார்; பிறகு மெட்ராஸ் படைத்தலைவராக வந்து, 1817இல் மஹித்பூரில் மராத்திய ஹோல்கர் படையோடு மோதினார்.

அந்த 74 பீரங்கிக் கப்பல்தான் கார்ன்வாலிஸ். செம்பு மூழ்கினாலும் கப்பல் நிற்கவில்லை, 1813 மே 12 தண்ணீரில் இறங்கிவிட்டது. 1815 ஏப்ரலில் ஹார்னெட் என்ற அமெரிக்கக் கப்பல் தூரத்தில் அதைப் பார்த்து, கொழுத்த வியாபாரக் கப்பல் என்று நாக்கில் எச்சில் ஊற நெருங்கியது. கிட்டே போனால் 74 பீரங்கி. துரத்தின துரத்தில் ஹார்னெட் தன் பீரங்கி, நங்கூரம் எல்லாவற்றையும் கடலில் தள்ளி எடையைக் குறைத்துத் தப்பியது. பேரன் இந்த இடத்தை மூன்று தடவை ஆடினான். ஒவ்வொரு தடவையும் சோழியிலிருந்து எதையாவது எடுத்துப்போட வேண்டும் என்று, அதன்மேல் அரிசி ஒட்டிவைத்துக்கொண்டான்.

கடைசிக்கு முந்தின உறை: 1814 டிசம்பர் 24, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிற கெண்ட் நகரில் சமாதானக் கையெழுத்து. போருக்கு முன்னால் யாரிடம் எது இருந்ததோ அது அவரவருக்கு. மாலுமிகளைப் பிடிப்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சேதி வருவதற்குள் ஜனவரி 8, நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் தரப்பில் இரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தோ காயப்பட்டோ பிடிபட்டோ போனார்கள். ஆனால் “போர் முடிந்த பிறகு நடந்த சண்டை” என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். இரண்டு நாடும் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் போர் நிற்கும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அது நடந்தது பிப்ரவரி 17.

ஒப்பந்தம் எழுதினவர்களுக்கும் தபால் எவ்வளவு மெதுவானது என்று தெரியும். அதனால் கடலுக்குக் கடல் கெடு வைத்தார்கள். அமெரிக்கக் கரைக்கு 12 நாள், இங்கிலீஷ் கால்வாய்க்கு 30, பூமத்தியரேகைக்குத் தெற்கே தூரக் கடல்களுக்கு 90, மிச்சமெல்லாவற்றுக்கும் 120. அதற்குப் பிறகு பிடித்த கப்பலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பையனிடம் காலண்டரைக் கொடுத்து எண்ணவிடுங்கள். 120 நாளே வைத்தாலும் ஜூன் 17.

இனி கடைசி உறை. 1815 ஜூன் 30, ஜாவா, சுமத்ரா தீவுகளுக்கு நடுவே சுந்தா நீரிணை, அஞ்சேர் ஊர் அருகில். கம்பெனியின் கடற்படையான பம்பாய் மரைனைச் சேர்ந்த நாட்டிலஸ் என்ற சின்னக் கப்பல், பதினாலு பீரங்கி, தலைவர் சார்லஸ் பாய்ஸ். எதிரே அமெரிக்காவின் பீகாக், தலைவர் வாரிங்டன். “சமாதானம் ஆகிவிட்டது” என்று பாய்ஸ் கத்திச் சொன்னார். வாரிங்டன் நம்பவில்லை, கொடியை இறக்கு என்றார். இவர் இறக்கவில்லை. சில நிமிஷச் சண்டையில் நாட்டிலஸில் ஆறு பேர் செத்தார்கள், லஸ்கர்கள் என்று சொல்லும் நம் பக்கத்து மாலுமிகளும் அதில் உண்டு. பாய்ஸுக்கு ஒரு கால் போனது. மறுநாள் சேதி உண்மைதான் என்று உறுதியாகி, கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்த உறையை மட்டும் அன்றே பிரிக்க விடாதீர்கள். அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளை விமானம் ஏறுகிற அன்று கொடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாசத்துக்கு சோபாவுக்கு அடியில் பிரிட்டிஷ் கடற்படை கிடைக்கும். மிளகாயைத் துடைத்துவிட்டு ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று செய்தேன். பேரன் ஊருக்குப் போன மறுநாள் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் பக்கத்துப் பெரிய தபால் ஆபீசுக்குப் போய் அவனுக்கு ஒரு கார்டு போட்டேன்: “புராஜெக்ட் எப்படிப் போச்சு? மிண்டன் கதையை மறக்காமல் சொல்லு.” அது போய்ச்சேர இருபத்தாறு நாள். அதற்குள்தான் வீடியோ காலில் அந்த முகத்தைப் பார்த்தாயிற்றே. கார்டைத் தன் புராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, மேலே இரண்டு தேதியும் எழுதியிருக்கிறான்.