ராட்டக்ஸ் 912 கார்புரேட்டர்: கட்டாய ஃப்ளோட் மாற்றத்தைச் சரியாகச் செய்வது எப்படி

சிறு விமானங்களில் இருக்கும் ராட்டக்ஸ் 912 எஞ்சினில் இரண்டு பிங் 64 கார்புரேட்டர்கள் இருக்கின்றன. வலப்பக்கம் உள்ளது 1, 3 சிலிண்டர்களுக்கும் இடப்பக்கம் உள்ளது 2, 4 சிலிண்டர்களுக்கும் பெட்ரோல் கொடுக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள பெட்ரோல் கிண்ணத்தில், அதாவது பவுலில், இரண்டு ஃப்ளோட்கள் (மிதவைகள்), ஒன்றோடொன்று ஒட்டாமல், தத்தம் ஊசிக்கம்பியில் ஏறி இறங்கும். இரண்டும் சேர்ந்து மேலே உள்ள பிராக்கெட்டைத் தூக்கினால்தான் பெட்ரோலை உள்ளே விடும் ஊசி வால்வு மூடும். இந்த நான்கு ஃப்ளோட்களில் ஒன்று பெட்ரோல் குடித்துக் கனத்துப்போனாலும் அந்தப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் தடுமாறும்.

861185 என்ற பாக எண்ணுள்ள சில ஃப்ளோட்களில் தயாரிப்புக் கோளாறு தெரியவந்ததால் அவற்றை மாற்றச் சொல்லி ராட்டக்ஸ் 2017-ல் அவசர சர்வீஸ் புல்லட்டின் வெளியிட்டது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையும் வான்தகுதி உத்தரவு, அதாவது ஏடி, பிறப்பித்தது. சட்டப்படி ஏடி கட்டுப்படுத்துவது 912 ஏ, எஃப், எஸ் போன்ற சான்றிதழ் பெற்ற வகைகளை. யுஎல், யுஎல்எஸ் வகைகளுக்கு ராட்டக்ஸின் புல்லட்டின் மட்டும்தான். ஆனால் பவுலுக்குள் இருப்பது அதே ஃப்ளோட். “எங்களுடையது யுஎல், ஏடி பொருந்தாது” என்று தள்ளிப்போடுவது காகிதத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு; எஞ்சினுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இந்தியாவில் என்.சி.சி. மாணவர்கள் பறக்கும் வைரஸ் எஸ்.டபிள்யூ 80 உட்படப் பல மைக்ரோலைட்களில் இருப்பது இந்த எஞ்சின் குடும்பம்தான். 912 ஐஎஸ் வகையில் கார்புரேட்டரே கிடையாது, அதை விட்டுவிடலாம்.

விமானத்தில் இந்த வேலையைச் செய்து கையெழுத்திட உரிமம் பெற்றவர் வேண்டும். கீழே உள்ளது மேனுவலின் தற்போதைய பதிப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டியது.

முதலில்: உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துமா?

எஞ்சின் எண்ணை மட்டும் புல்லட்டினின் பட்டியலில் தேடிவிட்டு “இல்லை” என்று எழுதுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. கார்புரேட்டர்கள் ஒரு எஞ்சினிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகின்றன. பழுது பார்க்கும்போது அலமாரியில் இருந்த உதிரி ஃப்ளோட்டைப் போட்டிருப்பார்கள். ஆகவே மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: எஞ்சின் எண், இரண்டு கார்புரேட்டர்களின் எண்கள், லாக் புத்தகத்தில் ஃப்ளோட் மாற்றியதாக உள்ள ஒவ்வொரு பதிவும். பதிவில் “ஃப்ளோட் மாற்றப்பட்டது” என்று மட்டும் இருந்து பாக எண் இல்லையென்றால், பவுலைத் திறந்து பார்க்கும்வரை அந்தப் பதிவை நம்ப வேண்டாம். ஸ்டோரில் கிடக்கும் உதிரிப் பொட்டலங்களையும் அன்றே சரிபாருங்கள்.

கனத்த ஃப்ளோட் என்ன செய்யும்?

ஊசி வால்வை மூடும் விசை ஃப்ளோட்டின் மிதப்பிலிருந்து வருகிறது. எடை கூடினால் மிதப்பு குறையும். அதே விசையைக் கொடுக்க, பெட்ரோல் மட்டம் முன்பைவிட மேலே ஏறியாக வேண்டும். மட்டம் ஏறினால் கலவையில் பெட்ரோல் மிகும். இன்னும் ஏறினால் வால்வு மூடவே மூடாது, பவுலுக்குக் காற்று விடும் வெண்ட் குழாய் வழியாகப் பெட்ரோல் வழியும்.

விமானியின் காதுக்கு முதலில் வருவது ஐடிலில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சும்மா ஓடும்போது, ஒரு குலுக்கல். பிறகு, நீண்ட இறக்கத்துக்குப் பின் த்ராட்டில் திறக்கும்போது ஒரு திணறல். தரையில் பார்த்தால் ஒரு பக்கத்து இரண்டு சிலிண்டர்களின் பிளக்குகள் மட்டும் கரி படிந்து கறுப்பாக இருக்கும். மறுபக்கம் சாதாரண பழுப்பு நிறம். இந்த ஒருபக்கக் கறுப்புதான் நல்ல அடையாளம். நான்கும் கறுப்பாக இருந்தால் ஏர் ஃபில்டரையும் சோக் முழுதாக அணைகிறதா என்பதையும் முதலில் பாருங்கள். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள டிரிப் ட்ரேயில் பெட்ரோல் கறை இருந்தால் அடுத்த பறப்பே கூடாது. அந்தத் தட்டு இருப்பதே வழியும் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டாமல் தடுக்கத்தான். அதன் வடிகுழாய் அடைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று.

எடை பார்த்தல்

தேவையானவை: 0.1 கிராம் வரை காட்டும் தராசு (நகைக்கடைகளில் இருப்பது போன்றது போதும்), அதைச் சோதிக்க ஒரு 5 கிராம் படிக்கல், நூல் உதிராத துணி, ஒவ்வொரு பவுலுக்கும் புதிய கேஸ்கெட், புதிய ஃப்ளோட்கள், தீயணைப்பான். தராசைக் காற்று படாத இடத்தில் வையுங்கள். ஹாங்கர் கதவு திறந்திருந்தால் 0.3 கிராம் தானாக ஆடும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இரண்டு இக்னிஷன் சுவிட்ச்சுகளும் ஆஃப், பேட்டரி இணைப்பு கழற்றியாகிவிட்டது, பெட்ரோல் வால்வு மூடியாகிவிட்டது என்று உறுதிசெய்த பின், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் சாக்கெட்டின் கிளாம்ப்பைத் தளர்த்திக் கார்புரேட்டரை வெளியே எடுங்கள். த்ராட்டில் கேபிளைக் கழற்ற வேண்டியிருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள்: பைக் கார்புரேட்டரில் கேபிள் போனால் ஸ்பிரிங் த்ராட்டிலை மூடும், இங்கே ஸ்பிரிங் முழுதாகத் திறக்கும். நடுவானில் கேபிள் அறுந்தால் எஞ்சின் நிற்கக் கூடாது என்பதற்காக அப்படி. கேபிள் இல்லாமல் யாராவது ஸ்டார்ட் செய்தால் விமானம் முழு வேகத்தில் பாயும். அதனால் வேலை முடியும்வரை காக்பிட்டில் எச்சரிக்கைச் சீட்டு தொங்கட்டும்.

கார்புரேட்டரைச் சாய்க்காமல் நிமிர்ந்தபடியே பிடித்து, பவுலின் கம்பிக் கவ்வியைத் தள்ளி, பவுலை நேராகக் கீழே இறக்குங்கள். பெட்ரோலை உடனே கொட்ட வேண்டாம். பவுலைச் சமமான மேசையில் வைத்து, கண்ணைப் பவுலின் விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரு நிமிடம் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ளோட்டின் பக்கத்திலும் ஒரு சிறு உலோகப் பின் நீட்டிக்கொண்டிருக்கும். நல்ல ஜோடியில் இரண்டு பின்களும் பெட்ரோலுக்கு மேலே ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு பின் தாழ்ந்திருந்தால், அல்லது மூழ்கியே இருந்தால், தராசு சொல்வதற்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. விரல் நுனியால் ஒவ்வொன்றையும் அடிவரை அமுக்கி விடுங்கள். தயங்காமல் மேலே வர வேண்டும். பாதியில் நின்றால் பவுலின் ஊசிக்கம்பி வளைந்திருக்கலாம், அல்லது ஃப்ளோட் சுவரில் உரசலாம். உரசிய இடம் பளபளப்பாகத் தெரியும்.

பவுலின் அடியில் கிடப்பதையும் படியுங்கள். உருண்டையாக நகரும் துளி தண்ணீர். கறுப்பு நூல் போன்ற துணுக்குகள் பெட்ரோல் ஹோஸின் உள்சுவரிலிருந்து வந்தவை. ஹோஸை ஃபிட்டிங்கில் அழுத்தித் திணிக்கும்போது ரப்பர் சீவப்பட்டு உதிர்கிறது. இந்தத் துணுக்கு ஒன்று ஊசி வால்வின் இருக்கையில் சிக்கினால் புது ஃப்ளோட் போட்டாலும் வழிதல் நிற்காது. பலர் ஃப்ளோட்டைக் குறைசொல்லி மாற்றிவிட்டு, அடுத்த வாரம் அதே புகாரோடு திரும்புவது இதனால்தான்.

இப்போது ஃப்ளோட்களை எடுத்து, வெளிப்புற ஈரத்தைத் துணியால் ஒற்றி, ஒரே பவுலின் இரண்டையும் சேர்த்துத் தராசில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து 7 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அதுதான் ராட்டக்ஸ் வைத்த வரம்பு. எடுத்தவுடன் நிறுக்க வேண்டும். ஃப்ளோட் குடித்த பெட்ரோல் காற்றில் மெல்ல ஆவியாகிவிடும். மாலையில் கழற்றி மறுநாள் காலையில் நிறுத்தால் கெட்ட ஃப்ளோட்டும் தேறிவிடும். இதே காரணத்தால் பல மாதம் பறக்காமல், பவுல் காய்ந்து கிடந்த விமானத்தில் எடுத்த எடையை நான் ஏற்க மாட்டேன். பெட்ரோல் நிரப்பி, எஞ்சின் ஓடி, சில நாள் ஊறிய பிறகு மறுபடி நிறுக்க வேண்டும். காற்றழுத்தக் குழாயால் ஊதிக் காயவைப்பதும் சூடுகாட்டுவதும் கூடவே கூடாது.

புல்லட்டினில் சொன்ன ஃப்ளோட் என்றால் எடை 7 கிராமுக்குள் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். புது எண்ணுள்ள ஃப்ளோட் என்றால் எடையைப் பொறுத்து முடிவு. ஒன்று மட்டும் கனத்திருந்தாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். புதியதும் பழையதும் ஒரே பவுலில் இருந்தால், அடுத்த முறை கூட்டு எடை எதைச் சொல்கிறது என்று புரியாது. புதியவற்றையும் போடுமுன் நிறுத்து எழுதிவையுங்கள். பின்னால் ஒப்பிட அந்த எண் வேண்டும்.

திரும்பப் பூட்டுதல்

கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் பிராக்கெட்டின் இரு கைகளும் பவுல் கேஸ்கெட் உட்காரும் முகத்துக்கு இணையாக, இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கேஸ்கெட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒரு கை தாழ்ந்திருந்தால் ஒரு ஃப்ளோட் மட்டும் சுமை தாங்கும். ஊசியின் நுனியில் வளையமாகத் தேய்ந்த தடம் இருந்தால் ஊசியையும் மாற்றுங்கள். ஊசியைப் பிராக்கெட்டோடு பிணைக்கும் மெல்லிய கம்பிக் கொக்கியை மாட்ட மறந்தால், ஊசி இருக்கையில் ஒட்டிக்கொண்டு பெட்ரோல் வராமல் நிற்கலாம். மிகச் சிறிய பாகம் என்பதால் கண்ணில் தப்புகிறது.

ஃப்ளோட்டின் பக்கவாட்டுப் பின் நடு உயரத்தில் இல்லை. அதனால் தலைகீழாகப் போட்டால் பெட்ரோல் மட்டமே மாறிவிடும். மேனுவலின் படத்தோடு ஒப்பிட்டுப் போடுங்கள். இரண்டு பின்களும் பிராக்கெட் கைகளுக்கு அடியில் வந்தபின் பவுலை மேலேற்றிக் கவ்வியைப் பூட்டுங்கள்.

ரப்பர் சாக்கெட்டை விரலால் வளைத்து, உலோகமும் ரப்பரும் சேரும் ஓரத்தில் வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். வெளியே தெரியாவிட்டாலும் 5 ஆண்டு ஆனால் மாற்ற வேண்டிய பாகம் அது. கார்புரேட்டரை முழுதாக உள்ளே தள்ளி, கிளாம்ப்பை இறுக்கி, கையால் இழுத்துப் பாருங்கள். வெண்ட் குழாய்களின் வாயை அவை முன்பிருந்த இடத்திலேயே விடுங்கள். அது ஏர் ஃபில்டர் இருக்கும் இடத்துக் காற்றழுத்தத்திலேயே இருக்க வேண்டும். காற்றோட்டம் நேராக மோதும் இடத்தில் வைத்தால் பவுலில் அழுத்தம் ஏறிக் கலவை கெட்டியாகும். உறிஞ்சும் இடத்தில் வைத்தால் மெலியும். இந்த மாற்றம் தரையில் தெரியாது, பறக்கும்போதுதான் தெரியும்.

சோதனை

எஞ்சின் ஓடாமல் மின் பம்ப்பை மட்டும் போட்டு, வெண்ட் குழாய் முனைகளையும் டிரிப் ட்ரேயையும் ஐந்து நிமிடம் பாருங்கள். ஒரு சொட்டும் வரக் கூடாது. அழுத்தம் 0.15 முதல் 0.4 பார் வரை இருக்க வேண்டும். பிந்தைய பம்ப் வகைக்கு மேல் வரம்பு 0.5 பார். அழுத்தம் இதைத் தாண்டினால் நல்ல ஃப்ளோட்டாலும் வால்வை மூடிவைக்க முடியாது. புது ஃப்ளோட் போட்டும் வழிந்தால் அடுத்து பார்க்க வேண்டியது பம்ப்தான்.

கேபிளைத் தொட்டிருந்தால் இரண்டு கார்புரேட்டர்களையும் வேக்யூம் கேஜ் வைத்து மறுபடி சமன்செய்தாக வேண்டும். ஐடில் நிமிடத்துக்கு 1400 சுற்றுக்குக் கீழே இறங்கக் கூடாது. 4000 சுற்றில் ஒவ்வொரு இக்னிஷனையும் தனித்தனியே அணைத்தால் இறக்கம் 300 சுற்றுக்குள்ளும், இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 115-க்குள்ளும் இருக்க வேண்டும்.

எரிபொருளைப் பற்றி நம் ஊரில் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 912-க்கு ராட்டக்ஸ் அனுமதிப்பது 10 சதவீத எத்தனால் வரை. இங்கே பங்க்கில் கிடைப்பது இப்போது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்தது. அதை ஊற்றுவது வரம்பு மீறல். ஃப்ளோட், கேஸ்கெட், ஹோஸ் எதைப் பற்றியும் அதற்குப் பிறகு உறுதி சொல்ல முடியாது.

லாக் புத்தகத்தில் புல்லட்டின் எண், ஏடி எண், எஞ்சின் மணிநேரம், இரண்டு கார்புரேட்டர் எண்கள், எடுத்த ஃப்ளோட்களின் பாக எண்ணும் எடையும், போட்டவற்றின் பாக எண்ணும் எடையும் எழுதுங்கள். வலம் இடம் தனித்தனியாக. கழற்றிய ஃப்ளோட்களை இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். முழுதாக அலமாரியில் கிடந்தால் என்றாவது ஒருநாள் யாராவது அதை எடுத்துப் பூட்டிவிடுவார்கள்.